தொட்டவர்களின் கூலி: செவிலியர் பணியும் சாதியும்

தோழர்களே, நாங்கள் உதவி செய்துவரும் மாணவிகளில் ஒருவர் நர்சிங் டிப்ளமோ முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டில் முதல் தலைமுறைப் படிப்பு, தலைக்கு மேல் கல்விக் கடன். ஓராண்டுக்குள் வேறு வேலை கிடைத்து விலக நினைத்தபோது, அவருடைய அசல் சான்றிதழ்கள் மருத்துவமனை பீரோவில் பூட்டிக் கிடந்தன. 'பாண்ட்' பணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். நாங்கள் உடன் சென்று பேசினோம். அலுவலகத்தில் இருந்தவர், "இது சேவைங்க. சம்பளக் கணக்குப் பாக்குறவங்க இந்த வேலைக்கு வரக் கூடாது" என்றார்.

சேவை என்ற இந்தச் சொல்லை நாம் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். அதற்கு மருத்துவமனைகள் வருவதற்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டும்.

நம் ஊர்களில் பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண். சில ஊர்களில் தலித் பெண்கள். வட இந்தியாவில் 'தாய்' என்று அழைக்கப்பட்ட பேறுகாலப் பெண்களில் பலர் சமார் போன்ற தீண்டப்படாத சாதியினர். பேறுகால ரத்தமும் தொப்புள்கொடியும் நஞ்சும் தீட்டு. ஆகவே அதைத் தொடும் வேலை, தீட்டைச் சுமக்க வேண்டியவர்கள் என்று சாதி ஒதுக்கிவைத்தவர்களுக்குப் போனது. தலித் மக்களின் தீட்டுத் துணியை வெளுக்கும் வேலையோ புதிரை வண்ணார் தலையில் விழுந்தது. உயிரைக் காத்துக் கொடுத்த கைக்குக் கிடைத்தது கொஞ்சம் தானியமும் ஒரு பழைய சேலையும். அதைக் கூலி என்று யாரும் சொல்லவில்லை. வழக்கம் என்றார்கள், கடமை என்றார்கள்.

இந்தச் சூழலில்தான் நவீன செவிலியர் பயிற்சி இங்கே வந்தது. 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியது. தொடக்கத்தில் அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்கள். அந்நியரின் உடலைத் தொடுவதும் மலச்சட்டி எடுப்பதும் இரவில் வெளியே தங்குவதும் 'நல்ல குடும்பத்துப் பெண்' செய்யும் வேலை அல்ல என்று ஆதிக்கச் சாதி வீடுகள் ஒதுங்கிக்கொண்டன. பிறகு மிஷன் மருத்துவமனைகள் வழியாக இந்தியக் கிறிஸ்தவப் பெண்கள் வந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து மதம் மாறிய குடும்பங்களின் பெண்களும் அவர்களில் உண்டு. வேலூரில் ஐடா ஸ்கட்டர் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டப் படிப்பும் வந்தது.

இந்த மாற்றத்தை நாம் சிறிதாக மதிப்பிடக் கூடாது. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட அதே வேலை பாடத்திட்டமாகவும் தேர்வாகவும் சான்றிதழாகவும் மாறியது. 1926-இல் சென்னை மாகாணச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் சட்டம் பதிவேட்டைக் கொண்டுவந்தது. 1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. பிறப்பால் வந்த வேலை படிப்பால் வரும் தொழிலானது. விடுதலைக்குப் பிறகு இட ஒதுக்கீட்டின் வழியே அரசு மருத்துவமனைக்குள் நுழைந்த பல தலித் பெண்களுக்கு, அதுவே குடும்பத்தின் முதல் மாதச் சம்பளம்.

ஆனால் பழைய எண்ணம் போகவில்லை. 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கையைப் பாருங்கள். அன்றைய இந்தியாவில் ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான் இருந்தார். அவர்களின் பணிச்சூழல் படுமோசம் என்றும் அந்தக் குழு பதிவு செய்தது. மருத்துவருக்குக் கிடைத்த மரியாதை செவிலியருக்குக் கிடைக்கவில்லை. தொடுகிற வேலை கீழ், தொடாமல் உத்தரவிடுகிற வேலை மேல். இது எங்கே கற்றுக்கொண்ட பாடம் என்று சமூகவியல் படிக்கும் நண்பர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் சம்பளத்தை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. தொடர் போராட்டங்களுக்குப் பிறகு கேரளம் 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. மற்ற இடங்களில் அந்தப் பரிந்துரை பெரும்பாலும் காகிதத்திலேயே இருக்கிறது.

அரசும் விதிவிலக்கல்ல. தமிழ்நாட்டில் தேர்வெழுதி ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்த பல ஆயிரம் செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் திரண்டார்கள். உயர் நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது. கொரோனா காலத்தில் கைதட்டி விளக்கேற்றினோம். அப்போது தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் கடைசியில் வேலையிழந்தார்கள்.

அன்று பழைய சேலை, இன்று கைதட்டல். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வேலையைப் புனிதமாக்கிவிட்டால் கூலியைக் குறைத்துவிடலாம்.

இன்னொன்றையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். செவிலியர் கைவிட்ட வேலைகள் மறையவில்லை. ரத்தம் தோய்ந்த துணியும் மலச்சட்டியும் இன்று தூய்மைப் பணியாளர் கைக்குப் போயிருக்கின்றன. அங்கே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் மக்கள். அதுவும் தனியார் ஒப்பந்த நிறுவனங்களின் வழியே, இட ஒதுக்கீடோ பணிப் பாதுகாப்போ இல்லாமல். செவிலியர் அறையில் அவர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம். டாக்டர் தன்னை மதிப்பதில்லை என்று வருந்தும் செவிலியர், அந்த டம்ளரையும் கவனிக்க வேண்டும். சாதி படிநிலையாக இருப்பதால்தான் ஒடுக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்வது கடினமாகிறது என்று அம்பேத்கர் நமக்கு விளக்கியிருக்கிறார். மருத்துவமனை வார்டிலும் அதே படிக்கட்டுதான்.

நர்சிங் படிக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான். அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நியமனக் கடிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சங்கத்தில் சேருங்கள். அந்தச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் உங்கள் வார்டைக் கூட்டும் அக்காவின் சம்பளமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த மாணவிக்கு நான்கு மாதம் அலைந்த பிறகு சான்றிதழ்கள் கிடைத்தன. தொழிலாளர் துறைக்கு எழுதிய மனுவின் நகலைக் காட்டிய பிறகுதான் பீரோ திறந்தது.

ஜெய்பீம்.