பசிக்குப் பிறகு

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த இடம், திருச்சியில் காட்டூரை அடுத்த பாப்பாக்குறிச்சி. முதலில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, அதே செப்டம்பரில் நகரத்துப் பிள்ளைகளுக்கு, 1984இல் பதினைந்து வயது வரைக்கும் என்று அது விரிந்தது. அன்றைக்கு அரசு கேட்ட கேள்வி ஒன்றுதான்: புள்ளைங்க வயிறு நெறஞ்சுதா?

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது கே.கே. நகர். அன்று தட்டோடு வரிசையில் உட்கார்ந்த தலைமுறை இன்று இப்படிப்பட்ட நகர்களில் அப்பா அம்மாவாக, தாத்தா பாட்டியாக இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் சிலருக்கு இப்போது பிரச்சினை பசியல்ல, எடை.

இதைத் தீனிப்பழக்கம் என்று சுருக்குவது எளிது. ஆனால் நம் ஊரில் சதைப்பிடிப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1876–78இன் தாது வருடப் பஞ்சத்தைக் கண்ட மண் இது. வயிற்றுப்போக்கும் அம்மையும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலத்தில், கொஞ்சம் சதை என்பது உயிருக்குக் காப்பு. பொருட்காட்சிகளில் கொழுகொழு குழந்தைப் போட்டி நடத்தியதும், ஊரிலிருந்து வரும் அத்தை வாசலிலேயே “என்னடி, புள்ள இப்படி எளச்சுப்போயிட்டான்” என்று பதறுவதும் அந்தப் பயத்தின் மிச்சம்தான்.

உடம்பும் பசியைக் கணக்கில் வைத்திருக்கிறது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம். கர்ப்பத்தின் முற்பகுதியில் பட்டினி கிடந்த தாய்மார்களின் மகன்களில் பருமன் கூடுதலாக இருந்ததை 1976இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. புனேயில் மருத்துவர் யாக்னிக், எடை குறைந்த இந்தியச் சிசுக்களிடமும் கொழுப்பின் பங்கு அதிகம் என்று கண்டார்.

இப்படிப்பட்ட உடம்பும் மனசும் இருக்கும் வீட்டுக்குள்தான் 1991க்குப் பிந்தைய வாழ்க்கை வந்து சேர்ந்தது. நடந்துபோன பள்ளிக்கு வேன் வந்தது. விளையாடிய காலி மனையில் வீடு எழும்பியது. சாயங்காலத்தை டியூஷனும் செல்போனும் பங்கு போட்டுக்கொண்டன. கே.கே. நகரில் உழவர் சந்தை இருக்கிறது, காய்க்குப் பஞ்சமில்லை. பஞ்சம் நேரத்துக்குத்தான். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் பப்ஸும் பாக்கெட்டும்தான் கைக்கு முதலில் கிடைக்கின்றன.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் அதிக எடை 2019–21இல் 4.3 சதவீதம்தான். பெரியவர்களான பெண்களிடம் அதுவே 40.4, முந்தைய ஆய்வில் 30.9. இடையில் இருப்பவை பள்ளிப் பருவமும் இளமையும். உலக அளவில் பள்ளி வயதினரிடையே எடைக்குறைவை (9.2 சதவீதம்) பருமன் (9.4) முதன்முறையாகத் தாண்டிவிட்டதாக 2025இல் யுனிசெஃப் அறிவித்தது.

பள்ளி வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக்கூடாது என்று 2020இல் விதி வந்தது. நல்லதுதான். ஐம்பத்தொன்றாவது மீட்டரில் பேக்கரி திறந்திருக்கும்.

1982இல் பசி பிள்ளையின் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பொதுக்காரியமாக எடுத்துக்கொண்டு உலை வைத்தோம். பருமனை மட்டும் பிள்ளையின் வாய்க்கும் அம்மாவின் கைக்கும் விட்டுவிட்டு, “குண்டா” என்று கூப்பிடுகிறோம். விளையாட ஓர் இடம், நடக்க ஒரு பாதை, பி.டி. வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடாத பள்ளி: இவையும் சத்துணவு மாதிரி பொதுக்காரியம்தான்.