மீட்டருக்கு எர்ரர், மனுஷனுக்கு?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ அப்பா விரலைக் குத்தி சர்க்கரை பார்த்தார். மீட்டர் எண்ணுக்குப் பதிலா ஏதோ எர்ரர் காட்டிச்சு. "ஸ்ட்ரிப் சரியில்ல போல, நாளைக்குப் பாத்துக்கலாம்"னு மூடி வச்சுட்டுக் காபி குடிக்கப் போயிட்டார். எனக்குத்தான் பகீர்னுச்சு. காரணம், ஷ்யூர்ஸ்டெப் கதை.

ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமாக அப்போ இருந்த லைஃப்ஸ்கேன், 1996-ல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த மீட்டர்தான் ஷ்யூர்ஸ்டெப். சர்க்கரை 500-ஐத் தாண்டினால் அது 'ஹை' என்று காட்டணும். ஆனா சில மீட்டர்கள் 'ஈஆர் 1' என்று காட்டின. எர்ரராம்! இன்னொரு கோளாறும் இருந்தது. ஸ்ட்ரிப்பை முழுசாச் செருகாவிட்டால், இருப்பதைவிடக் குறைவான அளவைக் காட்டிவிடும்.

சாப்பிடாமல் பார்த்தால் 100-க்குள் இருக்க வேண்டிய சர்க்கரை 500-ஐத் தாண்டினால், அது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நேரம். இன்சுலினை நம்பி இருப்பவருக்கு ரத்தம் அமிலமாகி, சில மணி நேரத்தில் நினைவே தப்பலாம். அந்த நேரத்தில் மீட்டர் 'எர்ரர்' என்றால் என்ன நினைப்பார்? மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நினைப்பார், எங்கப்பா மாதிரியே.

பொட்டி தட்டுற நமக்கு பக் (bug) ஒண்ணும் புதுசில்ல. ஆனா இங்கே விஷயமே வேற. விற்க ஆரம்பிக்கும் முன்னாடியே கோளாறு கம்பெனிக்குத் தெரியும். அதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் மறைச்சாங்க. 1998-ல்தான் மீட்டர்களைத் திரும்பப் பெற்றார்கள். 2000 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கிரிமினல் அபராதமும் சிவில் தொகையுமாக மொத்தம் 6 கோடி டாலர் கட்டச் சம்மதித்தார்கள்.

சரி, பாடம் படிச்சாச்சா? 2013 மார்ச்சில் அதே நிறுவனம் வெரியோ ஐக்யூ மீட்டரைத் திரும்பப் பெற்றது. சர்க்கரை 1024 அல்லது அதுக்கு மேல போனால், எச்சரிக்கை தராமல் மீட்டர் அணைந்துவிடும்! 1024-ன்னதும் நம்ம ஆளுங்க சிரிச்சிருப்பீங்க. 2-ன் 10-ஆம் அடுக்கு. அவ்வளவு சர்க்கரை ரொம்ப அபூர்வம்தான். ஆனா அந்த நிலைக்குப் போனவருக்கு அந்த ஒரு எச்சரிக்கைதானே தேவை? ஒரு வித்தியாசம், இந்த முறை நிறுவனமே முன்வந்து அறிவிச்சது.

கோடு எழுதுறப்போ 'இந்த அளவு யாருக்கு வரப்போகுது'ன்னு நானும் எத்தனையோ தடவை ஒரு எர்ரர் மெசேஜைப் போட்டு முடிச்சிருக்கேன். அதைப் படிக்கப் போறவர் எந்த நிலையில் இருப்பார்னு ஒரு தடவைகூட யோசிச்சதில்லை.

அப்பாவைக் கைகழுவ வச்சு, புது ஸ்ட்ரிப்பில் மறுபடி பார்த்தோம். 162. காபியில் சர்க்கரையைக் குறைங்கப்பான்னேன். முறைச்சார் :-)

உங்க வீட்லயும் மீட்டர் எர்ரர் காட்டினா நாளைக்குன்னு விடாதீங்க. உடனே இன்னொரு ஸ்ட்ரிப் போடுங்க. மறுபடியும் எர்ரர் வந்தாலோ, தாகமும் தள்ளாட்டமும் இருந்தாலோ நேரா ஆஸ்பத்திரிதான்.