டிராகன் குவெஸ்ட்: ஒரு விளையாட்டின் பிறப்பும் குணதோஷங்களும்

கற்பனையான ஒரு ராஜ்யத்தில் ஒரு வீரனின் வேஷத்தை ஏற்று, சண்டையிடச் சண்டையிட அனுபவமும் வலிமையும் பெருகி, இறுதியில் அசுரனை வெல்லும் சாகச விளையாட்டு முதலில் கணிப்பொறியில் தோன்றியதன்று. 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேஜை விளையாட்டே அதன் மூலம். 1981இல் ஆப்பிள் கணிப்பொறிக்கு வந்த 'விஸார்ட்ரி', 'அல்டிமா' ஆகிய இரண்டும் அதனைத் திரைக்குக் கொணர்ந்தன. ஆயினும் அவை சாமானியருக்கு உரியவையாக இல்லை. விஸார்ட்ரியை ஆடுபவர் சுரங்கவழிகளைச் சதுரக் காகிதத்தில் தாமே வரைந்துகொள்ள வேண்டும். மாண்ட பாத்திரத்தை உயிர்ப்பிக்கும் பிரயத்தனம் தவறினால் அது சாம்பலாகும். மறுமுறையும் தவறினால் நிரந்தரமாக மறைந்தே போகும்.

எனிக்ஸ் என்னும் ஜப்பானிய நிறுவனம் 1982இல் நடத்திய ஆட்ட நிரல் போட்டியில் பரிசு பெற்றவர்களுள் இருவர், பத்திரிகைகளுக்கு எழுதிவந்த யூஜி ஹோரீயும், மாணவரான கோயிச்சி நகமுராவும். இருவருமே அமெரிக்கக் கணிப்பொறி ஆட்டங்களில் மனம் பறிகொடுத்தவர்கள். நிண்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபமிகாம் என்னும் சிறு இயந்திரம் அப்போது ஜப்பானிய வீடுகளில் வேகமாகப் பரவி வந்தது. அதற்கு விசைப்பலகை கிடையாது. ஒரு சிலுவை வடிவ விசையும் சில பொத்தான்களுமே உண்டு. அல்டிமாவின் விரிந்த நிலப்பரப்பையும் விஸார்ட்ரியின் நேருக்கு நேர் சண்டையையும் இணைத்து, அந்தப் பொத்தான்களைக் கொண்டே ஒரு சிறுவனும் ஆடத்தக்கதாக அமைக்க அவர்கள் துணிந்ததன் பலனே, 1986 மே 27ஆம் தேதி வெளியான 'டிராகன் குவெஸ்ட்'.

அவர்களுக்குக் கிடைத்த இடம் மொத்தம் 64 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது போதாது. ராஜ்யம், ஊர்கள், குகைகள், சம்பாஷணைகள், சங்கீதம் யாவும் அதற்குள் அடங்க வேண்டியிருந்தமையால், கதகனா என்னும் ஜப்பானிய எழுத்துகளில் இருபதை மட்டும் வைத்துக்கொண்டு, பூதங்களுக்கும் மந்திரங்களுக்கும் அவ்வெழுத்துகளுக்குள் அகப்படும் பெயர்களாகவே தேடிச் சூட்டினார்கள். சித்திரக்கதை உலகில் புகழின் உச்சியில் இருந்த அகிரா தொரியாமா பூதங்களை வரைந்தார். ஐம்பத்தைந்து வயதான இசையமைப்பாளர் கோயிச்சி சுகியாமா, அந்த இயந்திரம் ஒரே சமயத்தில் எழுப்பவல்ல இரண்டு மூன்று மெல்லிய ஸ்வரங்களிலேயே ஓர் அரசவையின் கம்பீரத்தை எழுப்பினார். 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் தேசங்களின் அணிவகுப்பு இந்த ஆட்டத்தின் முகப்பிசையோடுதான் ஆரம்பமாயிற்று.

ஆயினும் இந்த ஆட்டத்தின் தலையாய குணம் சித்திரமும் அன்று, சங்கீதமும் அன்று. புதியவனிடம் அது காட்டும் தாட்சண்யம். ஆட்டம் தொடங்குவது அரசனின் சபா மண்டபத்தில், கதவு பூட்டியிருக்கிறது. அரசனோடு பேசி, அங்குள்ள பேழைகளைத் திறந்து, அவற்றிலிருந்த சாவியால் கதவைத் திறந்து, படியிறங்கி வெளியேறும்போது, பேசுதல், எடுத்தல், திறத்தல், இறங்குதல் என்னும் அடிப்படைச் செயல்கள் அனைத்தையும், கற்கிறோம் என்ற நினைவே இன்றி, ஒரு சிறுவன் கற்றுவிடுகிறான். கோட்டைக்கு வெளியே வந்ததும், வெல்ல வேண்டிய டிராகன் அரசனின் மாளிகை நீருக்கு அப்பால் கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் அங்கே சேர ராஜ்யம் முழுவதையும் சுற்றியாக வேண்டும். இலக்கை முதலிலேயே காட்டிவிட்டு வழியை மட்டும் மறைத்துவைக்கும் இந்த யுக்தி, கதை சொல்லும் கலையை நன்கறிந்த ஒருவருக்கே வரக்கூடியது. சண்டையில் மாண்டாலும் வீரன் அரசன் முன்னிலையில் மீண்டும் எழுகிறான். பொன்னில் பாதி போகும், சேர்த்த அனுபவம் போகாது. விஸார்ட்ரியின் சாம்பலை நினைத்துப் பார்த்தால் இதன் கருணை விளங்கும்.

தோஷங்களும் அற்பமல்ல. படியேறுவதற்குக்கூட ஒவ்வொரு தடவையும் கட்டளைப் பட்டியலைத் திறந்து 'படி' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வீரன் எத்திசையில் நடந்தாலும் நம்மை நோக்கியே நிற்பதால், எவரோடேனும் பேச விரும்பினால் திசையையும் தனியே சொல்ல வேண்டும். இவை சிறு உபத்திரவங்கள். பெருங்குறை வேறு: கதை சிறிது, அதை நீட்டுவதற்கு ஆடுபவரின் நேரமே செலவாகிறது. ஒரு நல்ல வாளுக்கும் கேடயத்துக்கும் பொன் சேர, அதே வயல்வெளியில் அதே பூதங்களை மணிக்கணக்கில் வெட்டிச் சாய்ப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. அங்கே வேண்டுவது யோசனை அன்று, பொறுமை மட்டுமே. இடப்பற்றாக்குறையைச் சாக்காகக் கொண்டு இதை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஏனெனில் இடம் பெருகிய பின்னரும் இந்த வழக்கத்தை அவ்வகை ஆட்டங்கள் நெடுங்காலம் கைவிடவில்லை.

ஆட்டத்தைப் பாதியில் நிறுத்த நினைத்தாலோ, அரசனிடம் திரும்பிச் சென்று, அவன் சொல்லும் இருபது எழுத்து மந்திரத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, மறுபடி ஆடும்போது அதை உள்ளிட வேண்டும். ஓரெழுத்து பிழைத்தாலும் அத்தனை உழைப்பும் பாழ். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் அம்மந்திரம் 52 எழுத்துகள் வரை நீண்டது என்றால், அந்தக் காலத்துச் சிறுவர்கள் பட்ட வேதனையை ஊகித்துக்கொள்ளலாம். மின்கலத்தின் உதவியால் ஆட்டத்தைத் தானே நினைவில் வைக்கும் வசதி மூன்றாம் பாகத்தில்தான் வந்தது.

அந்த மூன்றாம் பாகம் 1988 பிப்ரவரி 10ஆம் தேதி, புதன்கிழமையன்று வெளியாயிற்று. கடைவாசல்களில் நீண்ட வரிசைகள் நின்றன. பள்ளிக்குப் போகாமல் அவற்றில் நின்ற பிள்ளைகளைப் போலீசார் பிடித்துக் கண்டிக்கும்படி ஆயிற்று. நான்காம் பாகமோ, பள்ளி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், 1990 பிப்ரவரி 11ஆம் தேதி வந்தது. அமெரிக்காவிலோ, முதல் பாகம் 1989இல் 'டிராகன் வாரியர்' என்ற பெயரில் சென்றபோது அத்தகைய வரவேற்பு இல்லை. நிண்டெண்டோ தன் பத்திரிகைச் சந்தாதாரர்களுக்கு அதை இலவசமாகவே அனுப்பிற்று.

இன்று ஆட்டங்கள் இயற்றப் புகும் நம் இளைஞர்கள், அந்த முதல் பாகத்தை முழுவதும் ஆடி முடிக்காவிட்டாலும், புதியவனுக்கு அது சொல்லாமலே கற்பிக்கும் விதத்தை அறிய, முதல் ஒரு மணி நேரமாவது பொறுமையாக ஆடிப் பார்க்க வேண்டுகிறேன்.