உழாத நிலமும் வழங்காத பெயரும்

மொழி சமுதாயத்தின் பொதுச் சொத்து. ஆயினும், சந்தைப் பண்டத்தின்மீது பொறிக்கப்படும் சொல்லைத் தனியொருவரின் உடைமையாகச் சட்டம் ஏற்றுக்கொள்கின்றது. இவ்வுடைமைக்கு நியாயம் யாது? இங்கிலாந்தின் வியாபாரக் குறிச் சட்ட வரலாறு இவ்வினாவுக்குத் தக்கதொரு விடை தருகின்றது.

கைத்தொழிற் புரட்சி பண்டங்களை ஊரெல்லை கடந்து தூர தேசங்களுக்குக் கொண்டு சென்றது. செய்தவனின் முகமறியாத மக்களுக்குக் குறியே சாட்சியாயிற்று. குறிக்கு உரிமை கோரியவன், தான் அதனை வழங்கிவந்ததையும் மக்கள் அதனை அறிந்திருந்ததையும் நீதிமன்றத்திலே நிறுவ வேண்டியிருந்தது. 1875ஆம் ஆண்டுச் சட்டம் இச்சுமையைக் குறைக்கப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியது. அதில் முதலாவதாக இடம்பெற்றது பாஸ் கம்பனியின் பியர்ப் போத்தல்களிலிருந்த செம்முக்கோணம். ஓவியர் மானே 1882இல் தீட்டிய பாரிஸ் மதுச்சாலைக் காட்சியிலும் அம்முக்கோணத்தைக் காணலாம். வழக்கினாற் பெயர்பெற்ற குறி அது.

ஆனால், பதிவேடு வேறொரு வாயிலையும் திறந்துவிட்டது. பண்டமே விற்காதவனும் பெயரைப் பதிந்து பிறரைத் தடுக்கலாம் என்ற நிலை உருவாயிற்று. உழாத நிலத்துக்கு உறுதி முடித்து வேலியடைப்பவனின் செயலை ஒத்தது இது. ஜோன் பட் என்னும் வணிக நிறுவனம், தான் விற்க எண்ணாத பொருள்களுக்கும் குறிகளைப் பதிந்து வைத்திருந்தது. வழங்கும் மெய்யான எண்ணமின்றிப் பதிந்த குறி நிலைக்காது என 1898இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

சூழ்ச்சி பின்னர் நுட்பமடைந்தது. 'மெரிட்' என்ற பெயரில் சிகரெட் விற்க விரும்பியது இம்பீரியல் கம்பனி. தகுதியைக் குறிக்கும் அச்சொல் பாராட்டுச் சொல்லாதலால் அதனைப் பதிய இயலவில்லை. ஆகவே 'நெரிட்' என்ற பொருளற்ற சொல்லைப் பதிந்து, அப்பெயரிற் சிறிதளவு சிகரெட்டையும் விற்றுக் காட்டியது. 'மெரிட்' சிகரெட்டுடன் வந்த பிலிப் மொரிஸ் கம்பனியை அவ்வேலியால் மறிப்பதே அதன் நோக்கம். வேலியைக் காப்பதற்காகச் செய்த விற்பனை மெய்யான வழக்காகாது என்று கூறி, 1982இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 'நெரிட்'டை நீக்கியது.

1994ஆம் ஆண்டுச் சட்டம் இரு தடைகளை விதித்தது. துர்நோக்கத்துடன் விண்ணப்பித்த குறி தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஐந்தாண்டுகள் தக்க காரணமின்றி வழங்கப்படாத குறி நீக்கப்படலாம். ஆனால், அவ்வைந்தாண்டுத் தவணையே புதிய சூழ்ச்சிக்கு இடமளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அத்தகைய தவணை உண்டு. அங்கே 'மொனோபொலி' விளையாட்டுக்கு உரிய ஹாஸ்ப்ரோ கம்பனி, முன்னரே பதிந்திருந்த பெயரை 2010இல் மீண்டும் பதிய விண்ணப்பித்தது. வழக்கை நிரூபிக்கும் கடமையிலிருந்து தப்புவதும் அதன் நோக்கமாக இருந்தமையால், அப்பதிவு பெருமளவிற்குத் துர்நோக்குடையது என்ற முடிவை ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2021இல் உறுதிசெய்தது.

இங்கிலாந்தில் ஸ்கை ஒலிபரப்புக் கம்பனி வெளுப்புப் பொருள், சவுக்கு என்பவற்றுக்குங்கூடத் தன் பெயரைப் பதிந்திருந்தது. அது 2016இல் ஸ்கைகிக் என்ற மென்பொருள் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு முடியுமுன்னர் இரு தரப்பாரும் சமரசம் செய்துகொண்டனர். ஆயினும், பொதுநலன் கருதி உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பை வழங்கியது. ஒரு சேவை குறித்து ஸ்கைகிக் உரிமை மீறியதென்ற முடிவு நிலைத்தது. ஆனால், அளவுகடந்த அகலத்துக்குப் பதிந்தமை துர்நோக்கமே எனவும் தீர்க்கப்பட்டது.

அத்தீர்ப்புக்கு எட்டாண்டுகள் சென்றன. எட்டாண்டு வழக்காட எந்தச் சிறு வணிகனால் இயலும்? வக்கீலின் முதற் கடிதத்திலேயே அவன் தன் பெயரைக் கைவிடுவான். உழுதவனுக்கே விளைச்சல் என்ற நீதியைச் சட்டம் ஏட்டில் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்நீதி வறியவனின் கடை வாயிலையும் எட்டுதல் வேண்டும். அதுவரை பொதுச் சொத்தாகிய மொழியில் வலியோர் அடைத்த வேலிகள் நின்றுகொண்டேயிருக்கும்.