ஊட்டுல செய்யிற வேலைக்கு எதுக்கு ஒரு பாடம்?

பத்தாம் தரத்தில் தொகுதிப் பாடம் தெரிவு செய்யச் சொன்ன அன்றைக்கு எங்கள் வகுப்பில் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. பொம்பளப் பிள்ளைகளுக்கு மனைப்பொருளியல், பையன்களுக்கு விவசாயம் என்று வகுப்பு தானாகவே இரண்டாகப் பிரிந்தது. வீட்டில் போய்ச் சொன்னால், "ஊட்டுல செய்யிற வேலையப் படிக்கத்தான் ஸ்கூலுக்கு அனுப்புறமா?" என்று கேட்டார்கள். அன்றைக்குச் சிரித்துக் கடந்துவிட்டோம். மலையகக் கல்வி வரலாற்றைப் படிக்கும்போதுதான் அந்தக் கேள்விக்குள் நூறு வருசக் கோபம் இருப்பது விளங்குகிறது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் துரைமாரிடம் விட்டன. பிள்ளை படித்துப் போய்விட்டால் நாளைக்குக் கொழுந்து எடுப்பது யார்? அந்தக் கணக்கு தெரிந்தவர்களிடமே பொறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும்! எழுத்து, கொஞ்சம் கணக்கு, அதோடு சரி. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் நின்றன.

கைவேலையைக் கல்விக்குள் கொண்டுவரும் முயற்சி மற்ற இடங்களில் நடக்காமல் இல்லை. 1930களில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா காலத்தில் கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம் விவசாயத்தையும் கைத்தொழிலையும் சுகாதாரத்தையும் பாடசாலையின் நடுவில் வைத்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் டவுன் பிள்ளைக்கு இங்கிலீசும் கந்தோர் வேலையும், கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டியுமா என்று பெற்றோர் பார்த்தார்கள். அதில் தப்பில்லை.

1971 கிளர்ச்சிக்குப் பிறகு, படித்த இளைஞருக்கு வேலையில்லை என்ற பயத்தோடு 1972 கல்விச் சீர்திருத்தம் வந்தது. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சர். சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் பரீட்சை, அதோடு எல்லோருக்கும் தொழில்முன்னிலைப் பாடங்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ள தொழிலைப் பார்த்துப் பாடசாலை பாடத்தைத் தெரிய வேண்டும். கடற்கரை என்றால் மீன்பிடி. அப்படியென்றால் தெமோதரையில்? ஸ்டேஷனில் நின்று நாலு பக்கமும் பாருங்கள், தேயிலைதான். அதைக் கற்றுக்கொள்ள எங்கள் ஆட்களுக்குப் பள்ளிக்கூடமே தேவைப்படவில்லை. அந்தப் பாடங்கள் இடைநிலை வகுப்புகளுக்குரியவை. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளோ ஐந்தாம் தரத்தோடு முடிந்துவிட்டன. 1973, 74 பஞ்சத்தில் லயங்களில் அடுப்பே எரியாத வீடுகளும் இருந்தன.

1977இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எங்கள் ஊரில் ரயில் வட்டமடித்து, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் போகும். கைவேலைக் கல்வியும் அப்படித்தான். எண்பதுகளில் 'வாழ்க்கைத் திறன்கள்', இப்போது கீழ் வகுப்புகளில் 'செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள்' என்று பெயர் மாறி மாறிச் சுற்றுகிறது.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1992இல் நாடு முழுக்க 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம் வந்தது. பிறகு எங்கள் அக்காமாரும் 'கார்மண்ட்'டுக்குப் போனார்கள். ஒருத்திக்கு நாள் முழுக்கக் கொலர், இன்னொருத்திக்குப் பொக்கெட். முழுச் சட்டையை வடிவமைப்பவர் வேறெங்கோ இருக்கிறார். சமைக்கத் தெரிந்தவர்கள் கொழும்பு வீடுகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். கைக்கு வேலை இருந்தது. அளவெடுத்து, வெட்டி, விலை வைக்கிற அறிவுதான் கைக்கு வரவில்லை.

மனைப்பொருளியல் பாடத்திட்டத்தைப் பொறுமையாகப் பார்த்தால் அந்த அறிவு அதற்குள் இருக்கிறது. போசாக்கு, உணவைக் கெடாமல் பேணுதல், குடும்ப வரவு செலவு, ஆடை தயாரிப்பு எல்லாம் இருக்கிறது. 2016 குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். போசாக்குப் பாடம் எங்களுக்குத் தேவையில்லை என்று எப்படிச் சொல்வது? பாடம் மட்டும் போதாது, சம்பளமும் வேண்டும் என்பது வேறு விசயம். நாங்கள் படித்தபோது அடுப்பும் இல்லை, தையல் மெசினும் இல்லை. கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் சமைத்தோம்.

அடுத்த ஸ்டேஷன் எல்ல. அங்கே வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்துச் சோறு கறி சமைக்கப் படிக்கிறார்கள். அதே பருப்பு, அதே தேங்காய்ச் சம்பல். எல்லயில் விலை போகிற அறிவு லயத்தில் மட்டும் எப்படி வெறும் வீட்டு வேலையாகிறது?

வீட்டார் கேட்ட கேள்விக்கு இன்றைக்கு நாங்கள் சொல்லும் பதில் இதுதான். அந்தப் பாடத்தை எடுத்துவிட வேண்டாம். மெசினும் அடுப்பும் வரட்டும், பையன்களும் வந்து உட்காரட்டும். தைக்கச் சொல்லித்தரும் வகுப்பு, தைத்ததற்கு விலை சொல்லவும் சொல்லித்தரட்டும்.