மறைத்தலும் விலக்கலும்

அலுவலகச் சம்பளப் பட்டியல் ஒன்று வலைப்பக்கத்தில் அட்டவணையாகக் காட்டப்படுகிறது. மேலாளர் காணவேண்டிய வரிசைகளை எழுத்தர் காணலாகாது. இம்முடிவை எவ்விடத்தில் செய்வது? ஜாவா மொழியின் வரலாறு இவ்வினாவுக்கு வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது.

1999-இல் வந்த ஜே.எஸ்.பி. முறையில், பக்கத்துக்குள்ளேயே ஜாவா நிரலை எழுதினர். நிரலும் வடிவமும் பின்னிக் கிடந்தன. 2002-இல் வந்த ஜே.எஸ்.டி.எல். அச்சிக்கலைத் தளர்த்தியது. ஒவ்வொரு வரிசையையும் எழுதுமுன் 'இஃப்' என்னும் குறிச்சொல் நிபந்தனையைச் சோதித்தது.

2004-இல் ஜே.எஸ்.எஃப். தோன்றியது. அதன் அட்டவணைக்குள் பழைய 'இஃப்' குறியை இட்டோர் ஏமாந்தனர். காரணம் யாது? அட்டவணையின் உறுப்புகள் அமைக்கப்படும்போதே அக்குறி இயங்கிவிடும். வரிசைகளோ பின்னரே ஒவ்வொன்றாக வருகின்றன. வரிசைதோறும் ஆராயப்படுவது 'ரெண்டர்டு' என்னும் பண்பேயாகும். ஆயினும் அது உள்ளடக்கத்தை நீக்குமேயன்றி, வெற்று வரிசை எஞ்சி நிற்கும். ஆதலின், பட்டியலை முன்னரே வடித்துத் தருதல் நன்று.

சிலர் சி.எஸ்.எஸ். கொண்டு வரிசையை மறைப்பர். கண்ணுக்குத் தெரியாவிடினும் சம்பளத் தொகை உலாவிக்குச் சென்றுவிடுகிறது. பக்கத்தின் மூலத்தைத் திறந்து எழுத்தரும் படிக்கலாம். மறைத்தல் வேறு, அனுப்பாது விலக்கல் வேறு. இதனை மறந்தால் இரகசியம் காக்கப்படாது.