விலை விழும்போது வாங்கினால் லாபமா? பர்மா சொல்லும் கணக்கு

"மார்க்கெட் விழும்போதுதான் வாங்கணும், அப்பதான் காசு பார்க்கலாம்." பி.காம் வகுப்பில் பாதிப் பேருக்கு இது வேதவாக்கு. மீதிப் பேர் ஆப்ஷன்ஸில் இறங்கியே விட்டார்கள் :) இது எந்த அளவுக்கு உண்மை? நம் தமிழ்நாட்டு வியாபாரிகள் நேரில் சந்தித்த ஒரு பெரிய மந்தத்தைப் பார்ப்போம்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. உலகம் முழுக்க விளைபொருள் விலையும் விழுந்தது. அப்போது உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. அங்கே நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் செட்டிநாட்டிலிருந்து போன நகரத்தார்கள். 1929-30ல் நடந்த வங்கி விசாரணைக் குழுவின் மதிப்பீடு: சுமார் 1,650 கடைகள், 75 கோடி ரூபாய் முதல். ரங்கூன் மொகல் தெருவில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். அவ்வளவு ஒழுங்கான தொழில்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் தொழில் கடன் கொடுப்பது, நிலம் வாங்குவது அல்ல. அசலும் வட்டியும் பணமாகத் திரும்பினால்தான் அடுத்த கடன் கொடுக்க முடியும்.

1930-31ல் நெல் விலை ஏறக்குறைய பாதியானது. விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. அடமான நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம். 1937ல் 25 சதவீதம், அதாவது சுமார் 24 லட்சம் ஏக்கர்!

பேப்பரில் பார்த்தால் இதைவிடப் பெரிய "சீப் ரேட்" கொள்முதல் உண்டா? ஆனால் நிஜத்தில் நடந்தது வேறு. நிலத்தை விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. குத்தகையோ விலை போகாத நெல்லை நம்பியது. ஊரில் டெபாசிட் போட்டவர்களுக்கோ ரொக்கம் வேண்டும். இதற்கிடையில் நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கோபம் வேறு. 1942ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது பலரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 1948ல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. 24 லட்சம் ஏக்கர் வெறும் பத்திரமாகிப் போனது.

அதே காலத்தில் வேறு வழியில் போனவர்களும் உண்டு. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளைகள்! கோவையில் பைகாரா மின்சாரம் வந்ததும் 1930களில் மில்கள் அடுத்தடுத்து எழுந்தன. மந்தம் எல்லாருக்கும் ஒன்றுதான். முதல் எதில் போய் முடங்கியது என்பதில்தான் வித்தியாசம்.

இன்றைக்கு வருவோம். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள் விழுந்து 25,981ல் நின்றது. 2021 ஜனவரியில் 50,000ஐத் தொட்டது. அந்த நாளில் சொந்தப் பணத்தில் நல்ல பங்கு வாங்கியவர் நிம்மதியாகக் காத்திருக்க முடிந்தது. ஆப்ஷன்ஸ் வாங்கியவருக்கு எக்ஸ்பைரி தேதி இருக்கிறதே! 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்கிறது செபி ஆய்வு. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

ஆக, "விலை குறைவு" என்பது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி மூன்று கேள்விகள். இது யார் பணம்? வேண்டும்போது விற்க முடியுமா? எத்தனை நாள் காத்திருக்க என்னால் முடியும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் சந்தை விழும்போது தாராளமாக வாங்கலாம். இல்லாவிட்டால் வேடிக்கை பார்ப்பதே லாபம்.